குடும்பத்தோடு இரவு உணவு, கூடவே நல்ல ஒயின்: உணவகம் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

நகரத்தில் உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. ஒயின் வைத்திருக்கும் உணவகங்களும் நிறையவே உண்டு. ஆனால் பாட்டியிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை எல்லோரும் வசதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதே மேசையில் இரண்டு மூன்று பேர் நல்ல ஒயினை ரசித்துக் குடிக்கவும் வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், பெரும்பாலான இடங்கள் கழன்றுகொள்ளும். ஒயின் பிரமாதமாக இருக்கும் இடத்தில் பிள்ளைகள் உட்கார வசதி இருக்காது. குடும்பங்கள் கூடும் இடத்தில் ஒயின் பாட்டில்கள் அடுப்பு வெக்கையில் நின்று பாழாகிக்கொண்டிருக்கும்.

ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாதே, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே வேண்டாம். ஓர் உணவகம் ஒயினை நன்றாகப் பராமரிக்கிறதா என்று கண்டுபிடிக்க நாக்குப் பயிற்சி தேவையில்லை. பாட்டிலை எங்கே வைக்கிறார்கள், எவ்வளவு குளிர்ச்சியில் ஊற்றுகிறார்கள், திறந்த பாட்டிலை எத்தனை நாள் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தால் போதும். பட்டியலில் உள்ள பெரிய பெயர்களைவிட, உங்கள் கோப்பையில் வந்து சேரும் ருசியை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

உணவகம் தேடும் முன் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: மொத்தம் எத்தனை பேர், அதில் ஒயின் குடிப்பவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர், வண்டி ஓட்டப்போவது யார், படியேற முடியாதவர்கள் உண்டா, சரியாகக் காது கேட்காதவர்கள் உண்டா. இந்தக் கணக்கு இல்லாமல் தேடினால் நட்சத்திரங்களையும் படங்களையும் பார்த்து மயங்கி, பொருந்தாத இடத்தில் மேசை பதிவு செய்துவிடுவோம்.

ஒயின் அளவையும் இப்போதே போட்டுக்கொள்ளலாம். வழக்கமான பாட்டில் 750 மி.லி. ஒரு கோப்பைக்கு 150 மி.லி. என்று ஊற்றினால் ஒரு பாட்டிலில் ஐந்து கோப்பை வரும். குடிப்பவர்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு கோப்பை என்றால் ஒரு பாட்டிலோடு இன்னொரு கோப்பை வாங்கினால் சரியாக இருக்கும். சில இடங்களில் 375 மி.லி. அரை பாட்டில் கிடைக்கும். இரண்டு பேர் மட்டும் குடிக்கிறார்கள், ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்குச் சிவப்பு என்றால் அரை பாட்டில் பெரிய உதவி. ஒயின் குடிப்பவர்களே எட்டுப் பத்துப் பேர் இருந்தால் 1.5 லிட்டர் பிடிக்கும் மேக்னம் பாட்டில் இருக்கிறதா என்று கேட்கலாம்.

குடும்பக் கூட்டத்தில் ஒவ்வொருவர் விருப்பமும் ஒவ்வொரு மாதிரி. அதனால் கோப்பைக் கணக்கில் விற்கும் ஒயின்கள் எத்தனை இருக்கின்றன என்பது, மொத்தப் பட்டியல் எவ்வளவு தடிமன் என்பதைவிட நமக்கு முக்கியம். வெள்ளையில் மூன்று, சிவப்பில் மூன்று, நுரைக்கும் ஒயின் ஒன்று, ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயின் ஒன்று என்று இருந்தாலே ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

இன்னொன்று. மது அருந்தச் சட்டப்படி எத்தனை வயது ஆக வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் 18, அமெரிக்காவில் 21. சில உணவகங்களில் மது பரிமாறும் பகுதிக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள், அல்லது குறிப்பிட்ட நேரத்துக்குமேல் விடமாட்டார்கள். போன் பேசும்போது இதை முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். வாசலில் நின்று திரும்பி வருவது யாருக்கும் நல்ல இரவாக இருக்காது.

எங்கிருந்து தேடுவது

பிரபலமான விருதுகளும் சின்னங்களும் உதவும், ஆனால் ஒவ்வொன்றும் எதை அளக்கிறது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். மிச்செலின் என்ற உணவக வழிகாட்டி தரும் நட்சத்திரம் தட்டில் வரும் உணவுக்கு மட்டுமே கொடுக்கப்படுவது. ஒயின் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே வழிகாட்டியில் திராட்சைக் குலைச் சின்னம் போட்டிருந்தால் ஒயின் பட்டியல் கவனிக்கத்தக்கது என்று பொருள். நமக்கு வேண்டியது அந்தச் சின்னம்தான்.

அமெரிக்காவிலிருந்து வரும் ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை 1981 முதல் உணவகங்களின் ஒயின் பட்டியல்களுக்கு விருது கொடுக்கிறது. அதில் மூன்று படி உண்டு. முதல் படிக்குப் பட்டியலில் குறைந்தது 90 ஒயின்கள் வேண்டும், இரண்டாவதற்கு 350, உச்சப் படிக்கு 1000. உணவகங்கள் தாமாகவே கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் விருது இது. எனவே விருது இருந்தால் ஒயினில் அக்கறை உள்ள இடம் என்று நம்பலாம், இல்லாவிட்டால் அக்கறை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. குடும்பச் சாப்பாட்டுக்கு முதல் படி விருதே போதும். ஆயிரம் ஒயின்கள் உள்ள புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

வாடிக்கையாளர்கள் போட்டிருக்கும் படங்களை நான் விமர்சனங்களைவிட அதிகம் நம்புகிறேன். படத்தில் தட்டைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள். மேசைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா? பெரிய வட்ட மேசை உண்டா? ஒயின் கோப்பை மெல்லிய விளிம்போடு இருக்கிறதா, தடித்த தண்ணீர்க் கோப்பை மாதிரி இருக்கிறதா? கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றியிருக்கிறார்களா, விளிம்பு வரை நிரப்பியிருக்கிறார்களா? விளிம்பு வரை ஊற்றினால் கோப்பையைச் சுழற்றவும் முடியாது, மணம் தங்கவும் இடமிருக்காது. பரிமாறுபவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படிப் பார்த்து மூன்று நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

ஒயின் பட்டியலை வீட்டிலேயே படியுங்கள்

இந்தப் படிக்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். பல உணவகங்கள் ஒயின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும். இல்லாவிட்டால் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அனுப்பத் தயங்கும் இடத்தை நான் அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

முதலில் ஒரே ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். ஒயினைத் தயாரித்தவர் பெயர், ஒயினின் பெயர், எந்தப் பகுதி, என்ன திராட்சை, எந்த ஆண்டு அறுவடை என்று விவரம் இருக்க வேண்டும். வெறுமனே 'ஷார்டனே, பிரான்ஸ்' என்று போட்டிருந்தால் எதுவும் சொன்னதாகவே ஆகாது. பிரான்சில் ஷப்லியில் விளையும் ஷார்டனே ஒல்லியாக, புளிப்போடு, கூர்மையாக இருக்கும். அதே திராட்சை தெற்கே வெயில் கொளுத்தும் இடத்தில் விளைந்து ஓக் மரப் பீப்பாயில் ஊறினால் வெண்ணெய் மாதிரி கனமாக வரும். இரண்டும் ஒரே விலையில் ஒரே பெயரில் பட்டியலில் நின்றால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

அறுவடை ஆண்டு இல்லாத பட்டியல் கவனக்குறைவைக் காட்டும். நுரைக்கும் ஒயின்கள் போன்ற சிலவற்றில் இதற்கு விலக்கு உண்டு. ஷாம்பெய்ன் பெரும்பாலும் பல ஆண்டு ஒயின்களைக் கலந்து தயாரிப்பது என்பதால் ஆண்டு போடாமல் வருவது இயல்பு. மற்றவற்றில் ஆண்டைப் பாருங்கள். சோவின்யோன் பிளாங், போர்ச்சுகலின் வின்யோ வெர்டே போன்ற எளிய வெள்ளை ஒயின்கள் இளசாக இருக்கும்போதே குடிக்க வேண்டியவை. பட்டியலில் அவை ஆறேழு வருடம் பழையவையாக நின்றால், அந்த உணவகத்தில் ஒயின் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். பழைய ஆண்டு என்றாலே உயர்வு என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஒரு சில வருடங்களுக்குள் குடித்துத் தீர்ப்பதற்காகவே தயாராகிறது.

அடுத்தது, ஒயின் பட்டியலையும் உணவு மெனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் உணவு பேர்போன இடத்தில் பாதிப் பக்கம் கேபர்னே சோவின்யோன் என்ற கனமான சிவப்பும் இரண்டே இரண்டு வெள்ளை ஒயினும் இருந்தால், சமையல்காரரும் ஒயின் வாங்குபவரும் பேசிக்கொள்வதே இல்லை. மீனுக்கு ஏற்ற வெள்ளை ஒயின்களான பிரான்சின் மஸ்கடே, கிரேக்கத்தின் சான்டோரினித் தீவின் அசிர்டிகோ, ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர் போன்ற பெயர்கள் தென்பட்டால் யாரோ யோசித்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். முப்பது நாற்பது ஒயின்களே இருந்தாலும் அந்தப் பட்டியல் எனக்குப் பெரியது.

விலையை எப்படிப் பார்ப்பது? உணவகம் கடை விலையைவிட இரண்டு மூன்று மடங்கு வைப்பது உலகில் பல இடங்களிலும் சகஜம். கோப்பை கழுவுவது, பாதுகாத்து வைப்பது, பரிமாறுவது எல்லாம் அதில் அடக்கம். பட்டியலில் உங்களுக்குப் பிடிபடும் இரண்டு ஒயின்களின் கடை விலையைத் தேடிப் பார்த்தால், அந்த இடம் எத்தனை மடங்கு வைக்கிறது என்று விளங்கிவிடும். பொதுவாக மலிவான பாட்டில்களில் மடங்கு அதிகமாகவும், விலை ஏற ஏற மடங்கு குறைவாகவும் இருக்கும். கோப்பை விலையையும் பாட்டில் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு கோப்பை வாங்கும் காசுக்கு முழுப் பாட்டிலே வந்துவிடும் என்றால், ஒரே ஒயினைக் குடிக்கப்போகும் மூன்று பேருக்குப் பாட்டில்தான் லாபம்.

கொடுக்கும் காசுக்கு நல்ல ஒயின் வேண்டும் என்றால் பிரான்சின் போர்தோ, பர்கண்டி, ஷாம்பெய்ன் போன்ற பெரிய பெயர்களைச் சற்றுத் தள்ளிவையுங்கள். அந்தப் பெயருக்கே ஒரு விலை சேர்ந்துவிடும். அதே பிரான்சில் பொஜொலே பகுதியின் மோர்கோன், ஃப்ளூரி போன்ற கிராமங்களிலிருந்து வரும் சிவப்பு, போர்ச்சுகலின் டூரோ, டாவ் பகுதிகள், ஷாம்பெய்னைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை புளிக்கவைத்துத் தயாராகும் ஸ்பெயினின் காவா ஆகியவை பெரும்பாலும் கையைக் கடிக்காமல் நல்ல ருசி தருபவை.

போன் செய்து பேசுங்கள்

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து மாலை வேலை தொடங்கும் முன் உள்ள நேரம் நல்லது. இப்படிக் கேட்கலாம்:

"வணக்கம், சனிக்கிழமை இரவுக்கு எட்டுப் பேருக்கு மேசை வேண்டும். இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர் வருகிறார்கள். கொஞ்சம் சத்தம் குறைந்த இடமாகக் கிடைக்குமா? ஒயின் விஷயமாகவும் ஒன்று கேட்க வேண்டும். கோப்பைக் கணக்கில் ஊற்றும் பாட்டிலைத் திறந்தபின் எப்படி வைத்திருப்பீர்கள், எத்தனை நாள் பயன்படுத்துவீர்கள்?"

இந்தக் கடைசிக் கேள்விதான் பரீட்சை. திறந்த ஒயினில் காற்றுப் படப்பட ருசி கெடும். பெரும்பாலான ஒயின்களைக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் மூன்று நாள், சிலவற்றை ஐந்து நாள் வரை வைக்கலாம். நுரைக்கும் ஒயின் ஒன்றிரண்டு நாளிலேயே நுரையை இழந்துவிடும். "பாட்டில் மேல் திறந்த தேதி எழுதி வைப்போம், மூன்று நாளுக்குமேல் ஊற்றமாட்டோம்" என்று பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யலாம். ஒயினில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கன் வாயு பயன்படுத்துகிறோம் என்று சொன்னாலும் நல்ல அடையாளம். கார்க்கைப் பிடுங்காமலே மெல்லிய ஊசியைச் செருகி, எடுத்த ஒயினுக்குப் பதிலாக ஆர்கனை நிரப்பும் கோராவின் கருவி 2013-இல் சந்தைக்கு வந்தது. அதற்கப்புறம் விலை கூடிய ஒயின்களையும் கோப்பைக் கணக்கில் கொடுப்பது பல உணவகங்களுக்கு எளிதாகிவிட்டது. "அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும்" என்று மழுப்பினால் அங்கே பாட்டிலாக மட்டும் வாங்குங்கள், அல்லது அடுத்த இடத்துக்குப் போங்கள்.

வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பாட்டிலைக் கொண்டுபோய்க் குடிக்க ஆசை இருந்தால், வெளியிலிருந்து கொண்டுவர அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அனுமதித்தாலும் அவர்கள் பட்டியலில் இருக்கும் அதே ஒயினைக் கொண்டுபோவது முறையல்ல. சில இடங்களுக்கு மது உரிமமே இருக்காது, அங்கே கொண்டுவந்து குடிக்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

சேர்ந்து கேட்க வேண்டிய சின்ன விஷயங்கள்: குழந்தை நாற்காலி, சக்கர நாற்காலி ஏறும் வழி, கழிப்பறை எந்த மாடியில், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாற்று உணவு. ஒயின் ஆர்வத்தில் இவற்றை மறந்துவிடாதீர்கள்.

முடிந்தால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்

முக்கியமான நாள் என்றால், பிறந்த நாளோ திருமண நாளோ, முன்கூட்டியே ஒருவர் மட்டும் போய் ஒரு கோப்பை வாங்கிக் குடித்துப் பார்ப்பது சாலச் சிறந்தது. உள்ளே நுழைந்ததும் பாட்டில்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒயினுக்குப் பகை மூன்று: சூடு, வெளிச்சம், ஆட்டம். நெடுநாள் வைக்க 12, 13 டிகிரி செல்சியஸ் ஏற்றது. காப்பி இயந்திரத்துக்குமேல் அலங்காரமாக அடுக்கியோ, வெயில் விழும் ஜன்னலோரம் நிறுத்தியோ வைத்திருந்தால், அங்கேயிருந்து எடுத்து நமக்கு ஊற்றுவார்களா என்று யோசிக்க வேண்டும். காலி பாட்டில்களை அலங்காரத்துக்கு வைப்பதும் உண்டு, அதனால் அவசரப்பட்டு முடிவுகட்டாமல் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோப்பை வந்ததும் ஒயின் ஊற்றும் முன் அதை முகர்ந்து பாருங்கள். இதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் இதில் தெரிவது நிறைய. நல்ல கோப்பையில் ஒரு வாசனையும் இருக்கக்கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு வாடையோ, பூட்டிக் கிடந்த அலமாரியின் புழுங்கிய வாடையோ, ஈரத் துணியால் துடைத்த வீச்சமோ இருந்தால், எவ்வளவு உயர்ந்த ஒயினை ஊற்றினாலும் அந்த வாடை அதில் ஏறிக்கொள்ளும். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், உதட்டுச் சாயத்தின் தடம் ஒட்டியிருந்தால் கழுவுவதில் கவனமில்லை.

அப்புறம் சும்மா உட்கார்ந்து சத்தத்தைக் கவனியுங்கள். இரவு எட்டு எட்டரைக்குக் கூட்டம் ஏறும்போது எதிரே இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறதா? வெறும் கண்ணாடியும் கான்கிரீட்டும் உள்ள அறையில் சத்தம் எதிரொலித்துப் பெருகும். திரைச்சீலை, மெத்தை இருக்கை, மேசை விரிப்பு உள்ள அறையில் அடங்கும். காது மந்தமான தாத்தா மேசைப் பேச்சில் ஒரு வார்த்தையும் புரியாமல் மூன்று மணி நேரம் புன்னகைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி இடத்தை ஒயின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குடும்பத்துக்குப் பரிந்துரைக்கமாட்டேன். சுவரோர மூலையில் ஒரு மேசையைப் பார்த்து, அதன் எண்ணைச் சொல்லியே பதிவு செய்துவிடுங்கள். ஆறு பேருக்குமேல் என்றால் நீள மேசையைவிட வட்ட மேசை நல்லது, எல்லோரும் எல்லோரோடும் பேசலாம்.

எந்த உணவுக்கு எந்த ஒயின்

ஆளுக்கு ஒன்றாக ஆர்டர் செய்யும் குடும்பத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் தனி ஒயின் என்பது நடக்காத காரியம். எல்லாத் தட்டுக்கும் ஓரளவு ஒத்துப்போகும் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பதே வழி. சிவப்பு ஒயினில் நாக்கை வறளவைக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதற்கு டானின் என்று பெயர். கொழுப்புள்ள இறைச்சியோடு அது அருமையாகச் சேரும். மீனோடு சேர்த்தால் வாயில் உலோக வாடை, கவிச்சி தட்டும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்துக்கும் இதில் பெரிய பங்குண்டு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். காரமான உணவோடு டானினும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும். ஆகவே காரம் தூக்கலாக இருக்கும் மேசைக்கு 14 சதவீதத்துக்குமேல் ஆல்கஹால் உள்ள கனத்த சிவப்பைத் தவிர்த்துவிடுங்கள். ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து வரும், லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் காரத்துக்கு இதம். அதில் காபினெட் எனப்படும் லேசான வகையில் ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான் இருக்கும்.

எதையும் யோசிக்க நேரமில்லையா? இனிப்பில்லாத நுரைக்கும் ஒயினில் தொடங்குங்கள். அதன் புளிப்பும் நுரையும் வறுத்ததற்கும் பொருந்தும், மீனுக்கும் பொருந்தும், காய்கறிக்கும் பொருந்தும். அடுத்து பினோ நுவார் அல்லது பொஜொலேயின் கமே போன்ற லேசான சிவப்பு. இந்த இரண்டு பாட்டிலில் பெரும்பாலான குடும்ப இரவுகள் நன்றாகவே நடக்கும். கடைசியில் இனிப்புச் சாப்பிடும்போது ஒயின் அந்த இனிப்பைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துக் கசக்கும். 5 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் உள்ள இத்தாலிய இனிப்பு ஒயின் மொஸ்காட்டோ டாஸ்டி வயிற்றை நிரப்பாமல் முடித்துவைக்கும்.

மேசையில்

நல்ல உணவகத்தில் ஒயினுக்கென்று ஒருவர் இருப்பார், சொமெலியே என்பார்கள். அவரிடம் பயப்படாமல் பேசுங்கள். என்ன சாப்பிடப்போகிறீர்கள், இதற்குமுன் எந்த ஒயின் பிடித்தது, கனமாக வேண்டுமா லேசாக வேண்டுமா என்று சொல்லுங்கள். மாமனார் மாமியார் முன்னால் பட்ஜெட்டை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், பட்டியலில் நீங்கள் நினைத்திருக்கும் விலை உள்ள ஒரு வரியில் விரலை வைத்து "இந்த மாதிரி ஒன்று பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார். அதே விலையிலோ அதற்குக் கீழோ எடுத்துக் காட்டுபவரை நம்பலாம். ஒவ்வொரு தடவையும் விலையை ஏற்றிக்கொண்டே போகிறவருக்கு, "நன்றி, முதலில் சொன்னதே போதும்" என்பது சரியான பதில்.

பாட்டிலைத் திறக்கும் முன் உங்களிடம் காட்டுவார்கள். இது சடங்கில்லை. பெயரும் ஆண்டும் நீங்கள் கேட்டதுதானா என்று படித்துப் பாருங்கள். பட்டியலில் இருந்த ஆண்டு தீர்ந்துபோய் வேறு ஆண்டு வருவது அடிக்கடி நடக்கும், சில நேரம் விலையும் மாறும்.

பிறகு கொஞ்சம் ஊற்றித் தருவார்கள். கோப்பையை மெல்லச் சுழற்றி முகருங்கள், ஒரு வாய் குடியுங்கள். இங்கே சோதிப்பது கெட்டுப்போயிருக்கிறதா என்பதை மட்டும். நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த அறை மாதிரி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு வேதிப்பொருள்தான் காரணம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் கலந்தாலே மூக்குக்குத் தெரியும். உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் பழ மணத்தை அடியோடு அமுக்கிவிடும். இளம் வெள்ளை ஒயின் பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்த வாடை அடித்தால் காற்று புகுந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் "இது சரியாக இல்லை என்று தோன்றுகிறது, நீங்களும் ஒருமுறை முகர்ந்து பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஒழுங்கான இடத்தில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். கார்க்கில் அல்லது அடியில் சர்க்கரைத் துகள் மாதிரி பளபளக்கும் படிகங்களைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை ஒயினிலேயே உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு. ஒயின் நன்றாக இருந்து உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. அவர்களே பரிந்துரைத்தது என்றால் மென்மையாகச் சொல்லிப் பார்க்கலாம்.

குளிர்ச்சியைக் கவனியுங்கள். நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12, சிவப்புக்கு 14 முதல் 18. சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு, குளிர்ந்த கல் வீடுகள் இருந்த காலத்து வழக்கம். இன்றைய வெதுவெதுப்பான அறையில் 25 டிகிரியில் நிற்கும் சிவப்பு ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முந்திக்கொண்டு வரும். பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள். கைக்குக் குளிர்ச்சியாகவே தெரியவில்லை என்றால், "பத்து நிமிடம் ஐஸ் வாளியில் வைத்துத் தாருங்கள்" என்று தாராளமாகக் கேட்கலாம். வாளியில் ஐஸோடு தண்ணீரும் பாதி இருக்க வேண்டும், வெறும் ஐஸைவிட அது சீக்கிரம் குளிரவைக்கும். மாறாக வெள்ளை ஒயின் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று வந்தால் மணமே எழாது. வாளியிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வையுங்கள்.

சில இடங்களில் கோப்பை பாதி குறைந்ததும் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். யார் எவ்வளவு குடித்தார்கள் என்ற கணக்கே போய்விடும், பாட்டிலும் சாப்பாடு வரும் முன்பே காலியாகும். "நாங்களே ஊற்றிக்கொள்கிறோம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தண்ணீர்க் கோப்பை பக்கத்திலேயே இருக்கட்டும்.

குடிக்காதவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை வைத்தும் நான் உணவகத்தை எடைபோடுகிறேன். குளிர்பானமும் பெட்டிப் பழச்சாறும் மட்டும்தான் என்றால் அந்த இடம் பாதி மேசையை விருந்தாளியாகவே நினைக்கவில்லை. புதிதாகப் பிழிந்த சாறு, மூலிகை போட்ட பானம், புளிக்கவைத்த தேநீர் என்று அதே அழகான கோப்பையில் கொடுக்கும் இடங்கள் இப்போது கூடிவருகின்றன. ஆல்கஹால் நீக்கிய ஒயினும் கிடைக்கும், ஆனால் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் அதில் இருக்கலாம். கர்ப்பிணிகளோ, அறவே தொடாதவர்களோ இருந்தால் லேபிளைக் கேட்டுப் படித்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். ஏன் குடிக்கவில்லை என்று மேசையில் யாரும் யாரையும் கேட்காமல் பார்த்துக்கொள்வது அழைத்தவரின் பொறுப்பு.

பில்லும் மிச்சமும்

பில் வந்ததும் ஒயின் பெயர், ஆண்டு, பாட்டில் எண்ணிக்கை மூன்றையும் சரிபாருங்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருந்தால் அதற்குமேல் டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம். ஒயின் குடித்தவர் யாரும் வண்டியைத் தொட வேண்டாம். ஓட்டப்போகிறவர் ஒரு கோப்பைகூட எடுக்காமல் இருக்கட்டும், இல்லையென்றால் வாடகை வண்டியை முன்பே சொல்லி வையுங்கள்.

பாட்டிலில் மிச்சமிருந்தால் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. மூடித் தர முடியுமா என்று கேளுங்கள். சில ஊர்களில் சட்டம் இதை அனுமதிக்கிறது, சில ஊர்களில் உறையில் வைத்து முத்திரையிட்டுத் தருவார்கள். வண்டியில் பின்பக்கப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும், சிவப்பாக இருந்தாலும் சரி, குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். சிவப்பை மறுநாள் குடிக்க நினைக்கும் நேரத்துக்கு அரைமணி முன்பு வெளியே எடுத்தால் போதும்.